மாறவில்லை என்று யார் சொன்னது?

களியக்காவிளையிலிருந்து பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகும் சாலையில் இருக்கிறது பாலராமபுரம். அந்த ஊர்த் தறிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரே தீர்ப்புதான் கேட்கிறது: நெசவாளர்களுக்குக் காலத்துக்கேற்ப மாறத் தெரியவில்லை, அதனால் தொழில் நசிந்தது. நசிந்தது உண்மை. சொல்லப்படும் காரணம் உண்மையல்ல.

அந்த ஊரே பெயர்ந்து வந்தவர்களால் உண்டானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூரின் பாலராம வர்மா மகாராஜா காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்துத் தெருத்தெருவாகக் குடியமர்த்தினார்கள். முதலில் அரண்மனைக்கு முண்டும் நேரியது என்ற மேலாடையும் நெய்தவர்கள், பிறகு ஊராருக்கு நெய்தார்கள். பெண்கள் சேலைக்கு மாறியபோது கசவு என்ற சரிகைக் கரையைச் சேலையில் ஏற்றினார்கள். கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். 2017இல் கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடை கொடுக்கத் தொடங்கியதும், மெல்லிய நூலில் பழகிய கைகள் சீருடைத் துணிக்கும் இறங்கின. அந்தக் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதாகச் செய்திகள் வந்தனவே, அதற்கும் நெசவாளியின் பிடிவாதமா காரணம்?

விசைத்தறிக்குப் போயிருக்கலாமே என்பது அடுத்த வாதம். பாவு போடுவதை ஒருமுறை பார்த்தவர் இதைச் சொல்லமாட்டார். விடிந்தும் விடியாமலும் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, கஞ்சி ஏற்றி, இழையோடு இழை ஒட்டாதபடி தூரிகையால் நீவி நீவிக் காயவிடுகிறார்கள். நடுவில் மழை பிடித்தால் பாடெல்லாம் வீண். பிறகுதான் குழித்தறிக்குப் போகிறது. கரையின் வேலைப்பாடு இருபுறமும் ஒன்றுபோலத் தெரிவது அந்தத் துணியின் பெயர்பெற்ற குணம். அது இந்தப் பொறுமையிலும் கைத்திறத்திலும் விளைவது. விசைத்தறி போட்ட அன்றே அவர்களிடம் விற்க எஞ்சுவது சாதாரண வேட்டி. அந்த ஊர்த் துணிக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் கைத்தறிக்குரியது. அதையும் இழக்க வேண்டியதுதான். இருக்கும் ஒரே முதலை அழித்துவிட்டுப் பிழைத்துக்கொள் என்பதை ஆலோசனை என்று நான் ஏற்கமாட்டேன்.

குறியீடுதான் கிடைத்துவிட்டதே, இனி விற்பது அவர்கள் சாமர்த்தியம் என்பாரும் உண்டு. பெயரைப் பதிவுசெய்வது வேறு, காப்பது வேறு. விசைத்தறியில் ஓடிய கசவுச் சேலை அதே பெயரில் பாதி விலைக்குக் கடைக்கு வருகிறது. சேலை, வேட்டி போன்றவற்றில் குறித்த வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இலேயே வந்துவிட்டது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டியது நெசவாளியா, அரசா?

இளைஞர்களுக்கு உழைப்பில் நாட்டமில்லை என்கிறார்கள். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு எந்தத் தகப்பன் தன் மகனைத் தறிக்குழியில் இறக்குவான்?

கைத்தறி முத்திரைத் திட்டம் 2006 முதல் நடப்பில் இருக்கிறது. ஓண விற்பனை தொடங்குமுன் பாறசாலை முதல் திருவனந்தபுரம் வரை கடை கடையாக ஏறி, கைத்தறி என்று விற்கும் ஒவ்வொரு சேலையிலும் அந்த முத்திரை இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்க்கட்டும். சீருடைக் கூலி அந்தந்த மாதமே கைக்கு வரட்டும். நெசவாளர்கள் மாறினார்களா இல்லையா என்ற விசாரணையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.