கூட்டத்தில் ஒருவர் வரையட்டும்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஊர்க் கூட்டங்களில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவர்களாவது கடைசி வரை வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஆசிரியர் செயலமர்வு ஒன்றுக்குப் போயிருந்தேன். காலை 9 மணியிலிருந்து பின்னேரம் 3 மணி வரை பவர்பொயின்ட். வளவாளர் நல்ல படிப்பாளி. ஆனால் திரையில் இருந்ததையே திரும்ப வாசித்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கினோம், நானும்தான். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "இன்டைக்கு என்ன சொல்லித் தந்தாங்க?" என்று கேட்டா. "புரியாணி நல்லம்" என்றேன். வேறொன்றும் ஞாபகத்தில் இருக்கவில்லை.

இனி அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மகாவலி என்ன செய்தது என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரின் பெயரிலேயே ஓயா இருக்கிறது, ஆனாலும் நாம் தண்ணீரை மறந்துதான் இருந்தோம். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இஷாவுக்குப் பின் சிறியதொரு கூட்டம் நடந்தது. அடுத்த முறை தண்ணீர் ஏறினால் யாருக்கு முதலில் சொல்வது, யாரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதுதான் விஷயம்.

வழமையாக இப்படியான கூட்டத்தில் நாலு பேர் பேசுவார்கள், ஒருவர் சத்தம் போடுவார், இன்னொருவர் பத்து வருடத்துக்கு முந்திய நிர்வாகப் பிரச்சினையைக் கிளப்புவார். பிறகு ஸலவாத்து, பிளேன்டீ, வீடு.

அன்று கூட்டக் குறிப்பு எழுத என்னிடம் முன்பு சித்திரம் படித்த ஒரு பையனைக் கூப்பிட்டிருந்தோம். அவன் கொப்பியைத் திறக்கவில்லை. இரண்டு டிமை தாளைச் சுவரில் ஒட்டி, மார்க்கர் பேனையால் ஆற்றையும் மெயின் ரோட்டையும் எங்கள் ஒழுங்கையையும் கோடாக இழுத்தான். யார் எதைச் சொன்னாலும் அது தாளில் ஏறியது.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு வயதான உம்மா, "இல்ல மகன், தண்ணி ஆத்தால மட்டும் வரல்ல. முதல்ல ஏறினது பின்னுக்கு இருக்கிற கானாலதான்" என்றா. அவன் கானை வரைந்தான். "அது இங்க வளையுது" என்றார் இன்னொருவர். வளைத்தான். பிறகு எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. படுக்கையில் இருக்கிற நோயாளி உள்ள வீடு எது, மேல்மாடி உள்ள வீடு எது, இரவில் எந்தக் கேட் பூட்டியிருக்கும். இரண்டு பேர் ஒத்துப்போகாத இடத்தில் இரண்டையும் வரைந்து பக்கத்தில் கேள்விக்குறி போட்டான். ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவர்கள் எழுந்து வந்து தாளைத் தொட்டுப் பேசினார்கள். முடியும்போது ஆளுக்காள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்த உம்மா சொன்ன கானைப் பற்றி அதற்கு முன் யாரும் அவவிடம் கேட்டதில்லை. நம் கூட்டங்களில் இப்படி எத்தனை கான்கள் சொல்லப்படாமல் போயிருக்கும்?

இது புதிய வித்தையல்ல. அமெரிக்காவில் டேவிட் சிபெட் போன்றவர்கள் 1970களிலேயே கூட்டங்களில் பேசப்படுவதைச் சுவரளவு தாளில் உடனுக்குடன் வரைவதை ஒரு தொழிலாக்கினார்கள். 2010இல் கல்வியாளர் கென் ரொபின்சனின் உரையொன்றுக்கு வெண்பலகையில் கை ஒன்று வரைந்துகொண்டே போகும் வீடியோ வெளிவந்தது. ஆசிரியர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் 1980களின் கடைசியில், கிராமத்து மக்களே தரையில் கோலப்பொடியாலும் கல்லாலும் தங்கள் ஊர் வரைபடத்தைப் போட்டுத் திட்டமிடும் முறை பரவியது. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் அங்கே பிழை திருத்தினார்.

அதைவிடப் பழைய முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குத் தரையில் ஒரு சதுரம் வரைந்து, நடுவில் சதுரத்தைத் தாண்டி வெளியே போகும் ஒரு கோட்டைப் போட்டு, அதன் பக்கத்தில் சிறு கோடுகளும் இழுத்து, மனிதனையும் அவனைச் சூழ்ந்த ஆயுளையும் அதையும் தாண்டி ஓடும் ஆசையையும் அவனைத் தீண்டும் சோதனைகளையும் விளக்கிய செய்தி, இப்னு மஸ்ஊத் (ரலி) வழியாக புகாரியில் வருகிறது. ஆயுளையும் ஆசையையும் விளக்க சில கோடுகள் போதுமாக இருந்திருக்கின்றன. நாமோ ஒரு கருத்தரங்குக்கு அறுபது ஸ்லைட் செய்கிறோம்.

"உருவம் வரையலாமா ஸேர்?" என்று சிலர் கேட்பீர்கள். அந்த மஸ்அலாவை உலமாக்களிடம் கேளுங்கள். நான் சொல்வதற்குக் கோடு, பெட்டி, அம்புக்குறி, வீடு, மரம், பாதை போதும். எங்கள் தாளில் ஒரு மனித முகமும் இருக்கவில்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வரைபவரை மேடை அலங்காரமாக்கிவிடக் கூடாது. சில பெரிய மாநாடுகளில் வரைந்து முடித்த படத்துக்கு முன் அதிதிகள் நின்று போட்டோ எடுத்துப் பேஸ்புக்கில் போடுவதோடு சரி. வந்திருந்தவர்களில் ஒருவர்கூட அதில் ஒரு கோட்டைத் திருத்தியிருக்க மாட்டார். "இது சரியா?" என்று சபையைப் பார்த்துக் கேட்காத படம் இன்னொரு பவர்பொயின்ட்தான். படம் அழகாக இருக்கத் தேவையில்லை. திருத்தக்கூடியதாக இருந்தால் போதும்.

ஒரு ஆசிரியனாக என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பாடம் நடக்கும்போது கொப்பி ஓரத்தில் படம் கீறிய பிள்ளைகளை எத்தனையோ முறை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். 2009இல் இங்கிலாந்தில் ஜாக்கி அன்ட்ராட் என்ற உளவியலாளர் 40 பேருக்குச் சலிப்பான தொலைபேசிச் செய்தியொன்றைக் கேட்கக் கொடுத்தார். தாளில் உருவங்களுக்கு நிழலடித்துக்கொண்டே கேட்டவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக ஞாபகம் வைத்திருந்தார்கள். ஒரேயொரு சிறிய ஆய்வுதான். ஆனாலும் எழுந்து நின்ற அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு ஞாபகம் வருகிறது. மார்க்கர் பிடித்து எங்கள் ஒழுங்கையை வரைந்தவனும் அவர்களில் ஒருவன்.

ஆகவே பள்ளி நிர்வாகத்தினருக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும், செயலமர்வு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு ப்ரொஜெக்டர் தேடும் முன் சித்திரம் படிக்கிற ஒரு பிள்ளையைத் தேடுங்கள். நாலு டிமை தாளும் மூன்று மார்க்கரும் வாங்குங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு சிறு தொகையும் கொடுங்கள், "சும்மா வந்து கீறு" என்று சொல்லாதீர்கள். பெண்கள் பக்கத்துக்கும் தெரியும்படி தாளை ஒட்டுங்கள்.

எங்கள் தாளில் இன்னும் இரண்டு கேள்விக்குறி இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் அதற்கு விடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் வரைந்துவிடுவோம்.