கண் ஆபரேஷனும் திரும்பும் டிக்கெட்டும்

கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னால், புனேயில் உள்ள நம்மவர்கள் முதலில் தேடுவது ஆஸ்பத்திரியை அல்ல, ஊருக்குப் போகும் ரயிலை. மதுரையிலோ திருச்சியிலோ ஆபரேஷன். கிடைப்பது பத்து நாள் லீவு. அதில் போக வர மூன்று நாள், குலதெய்வத்துக்கு ஒரு நாள். ரிசர்வேஷன் கவுண்டரில் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், நாலாம் நாளுக்கே திரும்பும் டிக்கெட் கேட்கிறார்கள். இந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஊர் ஆஸ்பத்திரிகளைக் குறை சொல்ல வரவில்லை. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை இன்று உலகமே வந்து பார்க்கிறது. அங்கு நடந்த ஓர் ஆராய்ச்சியைத்தான் நான் சாட்சிக்கு அழைக்கிறேன்.

புரை ஆபரேஷனுக்குப் பின் வரக்கூடிய கேடுகளில் மிகக் கொடியது, கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது. அபூர்வமாகத்தான் வரும், வந்தால் பார்வையையே கொண்டு போய்விடும். ஆபரேஷன் முடிகிற நேரத்தில் மாக்சிஃப்ளாக்ஸசின் என்ற மருந்தைக் கண்ணுக்குள்ளேயே சிறிது செலுத்தினால் இதைத் தடுக்க முடியுமா என்று அரவிந்த் டாக்டர்கள் பார்த்தார்கள். ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்களின் கணக்கை எடுத்து 2017-ல் வெளியிட்டார்கள். மருந்து செலுத்தாதவர்களில் 10,000 பேருக்கு 7 பேர். செலுத்தியவர்களில் 10,000-க்கு 2 பேர்தான். ஆராய்ச்சி என்றதும் நம்மை எலியாக்கி விடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இங்கே ஆராய்ந்தது ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகளை.

ஆனால் அந்தப் பதிவேட்டில் யார் இருப்பார்கள்? ஆபரேஷனுக்குப் பின் திரும்ப வந்து கண்ணைக் காட்டியவர்கள். கண் சிவந்த நேரத்தில் குண்டக்கல்லில் ரயிலில் உட்கார்ந்திருப்பவர், பிறகு புனேயில் வேறு டாக்டரிடம் போனால், மதுரைக் கணக்கில் அவர் விடுபட்டுப் போக இடமுண்டு. நம் கண்ணுக்கு நேர்ந்தது அடுத்தவர் கண்ணைக் காப்பாற்றவும் உதவாமல் போகிறது.

கணக்கு கிடக்கட்டும், கண்ணைப் பார்ப்போம். இந்தச் சீழ் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தலை காட்டுகிறது. வலி, சிவப்பு, தெளிந்து வந்த பார்வை மறுபடி மங்குவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். கண்ணுக்குள் ஊசி மூலம் மருந்து செலுத்த வேண்டியிருக்கும். ஒரு நாள் தாமதம்கூடப் பெரிது. நாமோ அந்த நேரத்தில் ரயிலில் ஜன்னல் ஓரம் தூசியில் உட்கார்ந்து, “ஆபரேஷன் செய்த கண், கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்” என்று நமக்கு நாமே வைத்தியம் சொல்லிக்கொள்கிறோம். 2008-ல் விழுப்புரம் மாவட்டத்து முகாமிலிருந்து பெரம்பலூருக்கு அழைத்துப் போய் ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் கிருமியால் அந்தக் கண்ணின் பார்வையை இழந்தார்கள். கிருமியின் வேகம் அப்படி.

மற்றவை இவ்வளவு அவசரமில்லை. கண்ணில் அழுத்தம் கூடலாம். சில வாரம் கழித்து விழித்திரை வீங்கி எழுத்து கலங்கலாம். மாதங்கள், வருஷங்கள் கழித்து லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கினால் “புரை மறுபடி வந்துவிட்டது” என்று பதறுவார்கள். அது புரையல்ல, லேசர் கொண்டு சில நிமிஷத்தில் சரி செய்வார்கள். ஆனால் இவற்றையும் ஒருவர் பார்த்துச் சொன்னால்தானே தெரியும்!

ஆகவே, வசிக்கும் ஊரிலேயே ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். புனேயில் வசதிக்குக் குறைவில்லை. ஹடப்சர் பக்கம் முகமதுவாடியில், பார்வையற்றோர் சங்கம் நடத்தும் எச்.வி. தேசாய் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஸ்டேஷனுக்கு அருகில் சர்க்காரின் சாசூன் ஆஸ்பத்திரி இருக்கிறது. கட்கியிலிருந்தும் தேஹு ரோடிலிருந்தும் முகமதுவாடி தூரம்தான். மதுரையை விடவா தூரம்?

பாஷை வராது என்பார்கள் சிலர். இருபது வருஷம் மராட்டியில் காய்கறி பேரம் பேசியவர்களுக்கு டாக்டரிடம் மட்டும் நாக்கு எழாதாம்! மூன்று வாக்கியம் போதும். கண் வலிக்கிறது: ‘டோளா துக்தோய்’. சிவந்துவிட்டது: ‘லால் ஜாலாய்’. பார்வை குறைகிறது: ‘கமி திஸ்தய்’.

பெற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும், ஊரில்தான் செய்வேன் என்கிற பெரியவர்களும் உண்டு. அவர்களைத் தடுக்க முடியாது. ஆனால் திரும்பும் டிக்கெட்டை டாக்டரைக் கேட்டுவிட்டு எடுக்கட்டும். மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று அவர் வரச் சொல்லும் தேதிகளில் முதல் இரண்டையாவது அங்கேயே முடிக்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டையும் சொட்டு மருந்தையும் டிரங்குப் பெட்டியின் அடியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். வழியில் கண் சிவந்தால், சோலாப்பூரில் இறங்கிக் காட்டுவதற்கு அந்தச் சீட்டு வேண்டும்.