ஈயமா, தாமிரமா? காண்டர் கழுகுகளின் உயிரைத் தீர்மானிக்கும் வேட்டைக் குண்டு

புது தில்லி: வேட்டைக்கான ஈயக் குண்டுகளுக்குத் தடை விதிக்கப்படும் எனப் பிரிட்டன் அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் இத்தகைய தடை 2019 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. ஆயினும், அங்கு ஈய நஞ்சால் காண்டர் கழுகுகள் உயிரிழப்பது இன்னும் நிற்கவில்லை. இதற்குச் சட்டம் மட்டும் போதுமா என்ற கேள்வி எழுந்துள்ளது.

வீட்டில் தயாராகும் தோட்டா

அமெரிக்க வேட்டைக்காரர்களில் ஒரு பிரிவினர் ரைபிள் தோட்டாக்களைத் தாங்களே தயாரிக்கின்றனர். பயன்படுத்திய பித்தளை உறையில் புதிய பிரைமரைப் பொருத்தி, வெடிமருந்தை அளந்து நிரப்பி, அதன் வாயில் குண்டைச் செருகுகின்றனர். செலவு குறைவதும், தங்கள் துப்பாக்கிக்கு ஏற்ற துல்லியம் கிடைப்பதும் இதற்குக் காரணங்கள். எந்தக் குண்டைப் பொருத்துவது என்பதை இவர்களே முடிவு செய்கின்றனர்.

தாமிர உறையிட்ட ஈயக் குண்டே நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. ஈயம் மலிவானது; கனமானது; இலக்கில் பட்டதும் எளிதில் விரியக்கூடியது. ஆனால், அந்த மென்மையே ஆபத்தாகிறது. அதிவேகத்தில் மோதும் குண்டு நுண்துகள்களாகச் சிதறி, விலங்கின் இறைச்சியிலும் குடலிலும் படிகிறது. வேட்டைக்காரர்கள் காட்டிலேயே விட்டுச் செல்லும் குடலைக் காண்டர்கள் கூட்டமாக உண்கின்றன. சிறு துகளும் அவற்றின் செரிமான மண்டலத்தை முடக்கிக் கொல்லவல்லது.

22 பறவைகளில் இருந்து

1982இல் உலகில் 22 கலிஃபோர்னிய காண்டர்களே எஞ்சியிருந்தன. 1987இல் காட்டில் இருந்த அனைத்தும் பிடிக்கப்பட்டு, கூண்டில் இனப்பெருக்கம் செய்யப்பட்டன. 1992 முதல் அவை மீண்டும் காட்டில் விடப்பட்டன. இன்று மொத்த எண்ணிக்கை 500ஐத் தாண்டியுள்ளது. எனினும், காட்டில் வாழும் காண்டர்களின் இறப்புக்கு ஈய நஞ்சே முதன்மைக் காரணமாக உள்ளது. இப்பறவை ஒரு முறைக்கு ஒரே முட்டை இடுவதால், ஓர் இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும்.

தயக்கம் ஏன்?

ஈயத்துக்கு மாற்றாக முழுத் தாமிரக் குண்டுகள் உள்ளன. இவை சிதறாமல் மலர்போல் விரிந்து, எடையை ஏறக்குறைய முழுமையாகத் தக்கவைக்கின்றன. ஆனால், ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், தாமிரத்தின் அடர்த்தி 8.96 கிராம். எனவே, அதே எடையுள்ள தாமிரக் குண்டு நீளமாக இருக்கும். அது பித்தளை உறைக்குள் கூடுதல் இடத்தைப் பிடிப்பதால் அழுத்தம் உயரக்கூடும். ஈயக் குண்டுக்கான வெடிமருந்து அளவை அப்படியே பயன்படுத்துவது ஆபத்தானது. அந்தந்தக் குண்டுக்கென வெளியிடப்பட்ட அளவையே பின்பற்ற வேண்டும். நீளமான குண்டு நிலையாகச் சுழல, துப்பாக்கிக் குழலின் உட்புரியும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இதனால் பலர் சற்று எடை குறைந்த தாமிரக் குண்டைத் தேர்வு செய்கின்றனர். விலை அதிகம் என்பதும், சிறு ரகத் துப்பாக்கிகளுக்கு ஈயமற்ற தோட்டா எளிதில் கிடைப்பதில்லை என்பதும் தயக்கத்தை வளர்க்கின்றன.

இரு வழிகள்

காட்டில் ஒவ்வொருவரின் தோட்டாவையும் அதிகாரிகள் சோதிக்க இயலாது. வீட்டில் தயாரானவற்றைக் கடைகளின் விற்பனைக் கட்டுப்பாடும் எட்டாது. அரிசோனா மாகாணமோ தடை விதிக்காமல், 2005 முதல் காண்டர் வாழிடப் பகுதி வேட்டைக்காரர்களுக்கு ஈயமற்ற தோட்டாக்களை இலவசமாக வழங்கியது. அங்குப் பெரும்பான்மையோர் மனமுவந்து ஒத்துழைத்தனர். ஆனால், மாகாண எல்லை தாண்டி யூட்டாவில் இரை தேடும் பறவைகளை அத்திட்டத்தால் மட்டும் காக்க முடியவில்லை.

இந்தியாவின் அனுபவம்

கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்து, அவற்றின் சடலங்கள் வழியே பிணந்தின்னிக் கழுகுகளைப் பெருமளவில் அழித்தது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அது தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் கால்நடைகளுக்குத் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால், 2015இல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. பாதுகாப்பான மாற்றாக மெலாக்சிகாம் முன்வைக்கப்பட்டது. தடையுடன் கைக்கெட்டும் மாற்றும் தேவை என்பதே இதன் பாடம்.

மாற்றுக் குண்டின் விலையும் கிடைக்கும் தன்மையும், பயன்படுத்துவோருக்கு அதன்மீது ஏற்படும் நம்பிக்கையுமே பிரிட்டனின் தடை எவ்வளவு பலன் தரும் என்பதைத் தீர்மானிக்கும்.