எஃப் 1 விசையை அழுத்தினால் யார் வருவார்?

கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மொத்த வியாபார நிலையம் உண்டு. அங்கே மூட்டை சுமக்கும் முதியவர் ஒருவர் சென்ற மாதம் தமது சம்பளச் சிட்டையை என்னிடம் நீட்டினார். "ஐயா பேப்பர்ல இருந்தவர்தானே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

40,000 ரூபா சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கென 4,800 ரூபா வெட்டப்பட்டிருந்தது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய அந்நிதிக்குத் தொழிலாளியிடம் வழமையாகக் கழிக்கப்படுவது 8 வீதம். 12 வீதம் முதலாளியின் பங்கு. அதாவது 1,600 ரூபா அதிகமாகப் போயிருந்தது.

விசாரித்தேன். மோசடி எதுவும் இல்லை. சம்பளக் கணக்கு எக்ஸெல் கோப்பொன்றில் இருக்கிறது. அதற்கு மேக்ரோ எழுதி அழகான படிவம் அமைத்துக் கொடுத்த இளைஞர் இப்போது கனடாவில். படிவத்தில் "ஈ.பி.எஃப். வீதம்" என்று ஒரு பெட்டி, யாருடைய வீதம் என்பதில்லை. புதிதாக வந்த எழுதுவினைஞர் 12 என்று இட்டுவிட்டார். சந்தேகம் வந்து எஃப் 1 விசையை அழுத்தியும் பார்த்திருக்கிறார். உதவிக் கோப்பைக் காணவில்லை என்ற செய்திதான் வந்தது.

வேதனை என்னவென்றால், அந்த இளைஞர் உதவிக் கோப்பை எழுதியே இருந்தார். 8 யாருக்கு, 12 யாருக்கு என்ற விளக்கமும் அதில் இருந்தது. ஆனால் கோப்பின் இருப்பிடமாகத் தமது கணினியின் முகவரியையே மேக்ரோவில் பதித்திருந்தார். கணினி மாறியது, இணைப்பு அறுந்தது.

மேக்ரோ எழுதும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: படிவத்தையும் உதவிக் கோப்பையும் இணைத்து, வேறொரு கணினியில் திறந்து பார்க்கும்வரை உங்கள் வேலை முடியவில்லை.

இணைப்பது கடினமன்று. படிவத்துக்கும் அதன் ஒவ்வொரு பெட்டிக்கும் "ஹெல்ப் கொன்ரெக்ஸ்ட் ஐடி" என்ற எண் உண்டு. உதவிக் கோப்பின் உரிய பக்கத்துக்கும் அதே எண்ணைக் கொடுங்கள். படிவத்திலேயே "உதவி" என்றொரு பொத்தான் வைத்து, எக்ஸெல் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில் உதவிக் கோப்பைத் தேடும்படி எழுதுங்கள். மின்னஞ்சலில் வந்த சி.எச்.எம். கோப்பை விண்டோஸ் தடுத்து வெற்றுப் பக்கம் காட்டக்கூடும். அதன் பண்புகளுக்குள் சென்று தடையை நீக்கவேண்டும். வலையமைப்பில் பகிர்ந்த கோப்புறையில் வைத்தாலும், 2005இல் வந்த பாதுகாப்புத் திருத்தத்தின் பின் உள்ளடக்கம் திறப்பதில்லை. ஒவ்வொரு கணினியிலும் ஒரு பிரதி வையுங்கள்.

"தமிழில் எழுதினால் கேள்விக்குறிகள்தான் வருகின்றன" என்பார்கள். உண்மைதான். மேக்ரோ எழுதும் சாளரமும், சி.எச்.எம். கோப்பின் பொருளடக்கப் பட்டியலும் பழைய குறியீட்டுப் பக்கங்களை நம்பியவை. விண்டோஸில் தமிழுக்கு அப்படியொரு பக்கம் இல்லை. அதனாலேயே பலர் பாமினி எழுத்துருவில் காலம் கடத்தினர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். வழி உண்டு: படிவத்துக்கான தமிழ்ச் சொற்களை விரிதாளின் கலங்களில் யுனிகோடில் எழுதி, படிவம் திறக்கும்போது அங்கிருந்து எடுக்கச் செய்யுங்கள். உதவிப் பக்கங்களின் உடலில் யுனிகோட் தமிழ் தெளிவாகத் தெரியும். பொருளடக்கத்தை முதற்பக்கத்திலேயே இணைப்புகளாகக் கொடுத்துவிடுங்கள்.

"பெட்டியின் பெயரைத் தெளிவாக எழுதினால் போதாதா?" எனக் கேட்கலாம். முதலில் செய்யவேண்டியது அதுவே. ஆனால் சட்டம் சொல்வதை ஒரு பெட்டியின் பெயருக்குள் அடக்க முடியாது.

முதலாளி நல்லவர், பணத்தை உடனே திருப்பிக் கொடுத்தார். ஆனால் அந்த முதியவர் தமது சிட்டையைக் காட்டியிராவிட்டால், பிழை மாதந்தோறும் தொடர்ந்திருக்கும். எழுதியவர் கடல் கடந்து போகலாம். அவருடைய விளக்கம் கணக்கோடு இங்கேயே இருக்கவேண்டும்.