ஊராட்சித் தலைவரை யார் இறக்குவது?

போன வாரம் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியதில் இருந்து எனக்கும் என் வகுப்பு நண்பனுக்கும் சண்டை. அவன் ஊர் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராம ஊராட்சி. 2019 டிசம்பரில் அவன் ஊர் தேர்ந்தெடுத்த தலைவர் மேல் அவனுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. "ஏத்தி விட்டது நாங்க. இறக்குறதும் நாங்களாத்தான்டா இருக்கணும். ஊர்ல முக்கால்வாசிப் பேரு வேணாம்னு சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிரணும்" என்றான். பரவை தாண்டி, சமயநல்லூர் தாண்டியும் விடவில்லை. முன் சீட்டுப் பெரியவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் முழுசாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் பக்க நியாயம். கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். (எங்கள் வாடிப்பட்டி பேரூராட்சி என்பதால் எங்களுக்கு அந்தக் கொடுப்பினை கூட இல்லை. 2022-ல் நாங்கள் கவுன்சிலர்களுக்குப் போட்டோம், அவர்கள் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.) ஆனால் அந்தத் தலைவரை நீக்குவது? தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 205. கலெக்டர் தானாகவே நடவடிக்கை எடுக்கலாம். அல்லது வார்டு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் குற்றச்சாட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு பேர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கலெக்டர் தலைவரிடம் விளக்கம் கேட்பார். திருப்தி இல்லை என்றால் தாசில்தார் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டு அனுப்புவார். கடைசியில் நீக்குவதும் விடுவதும் கலெக்டர் கையில். இத்தனை படிகளில் ஓட்டுப் போட்டவன் எங்கே? எங்கேயும் இல்லை. என் நண்பன் கத்துவதில் தப்பே இல்லை.

அதற்கு அவன் சொல்லும் மருந்துதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஹரியானாவில் 2020-ல் அவன் கேட்கிற மாதிரியே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வாக்காளர்களில் 33 சதவீதம் பேர் எழுதிக் கொடுத்தால் ஓட்டெடுப்பு, அதில் 67 சதவீதம் பேர் எதிராக நின்றால் தலைவர் அவுட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதே சட்டம் 1996-ல் நம் மதுரை மாவட்டத்தில் இருந்திருந்தால்?

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். மூன்றும் இதே மதுரை மாவட்டம். 1996-ல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் அங்கே தலைவர் என்று ஒருவர் நாற்காலியில் நிலைக்கவில்லை. தேர்தல் அறிவிப்பார்கள், யாரும் மனுத் தாக்கல் செய்ய மாட்டார்கள். மனுப் போட்டு ஜெயித்தவர் பதவி ஏற்ற கையோடு ராஜினாமா செய்வார். எந்தக் கலெக்டரும் நீக்கவில்லை, எந்தச் சட்டப் பிரிவும் தேவைப்படவில்லை. ஊரில் பெரும்பான்மை வேண்டாம் என்றது, அவ்வளவுதான். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். மேலூர்ப் பக்கம் மேலவளவில் அதையும் மீறி ஜெயித்துப் பதவிக்கு வந்தார் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள்.

67 சதவீதம் என்பது ஹரியானாவில் பெரிய எண்ணாக இருக்கலாம். ஒரே சாதி நிறைந்த ஒரு ஊரில் அது ஒரு சாயங்காலம் மந்தையில் கூடிப் பேசி முடிக்கிற வேலை. தலித் தலைவர், பெண் தலைவர், வேறு தெருக்காரர் என்று யாரைப் பிடிக்கவில்லையோ அவர்களை இறக்க, அரிவாள் வேண்டாம், மிரட்டல் வேண்டாம், அரசாங்கமே ஓட்டுப் பெட்டி வைத்துத் தரும். இதைத்தான் என் நண்பன் ஜனநாயகம் என்கிறான். நல்லவன்தான், பாவம், அவன் அந்தத் தெருவில் பிறக்கவில்லை.

"அப்போ திருட்டுத் தலைவர்னா என்னடா செய்றது?" என்று கேட்டான். இங்கேதான் நான் பி.காம். படிப்பதற்கு ஒரு பிரயோஜனம் வந்தது :-)

நாங்கள் கம்பெனிச் சட்டத்தில் படிக்கிறோம். 2013 கம்பெனிச் சட்டத்தில் ஒரு டைரக்டர் போவதற்கு இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. ஒன்று, பிரிவு 169. பங்குதாரர்கள் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து, அவர் பேச வாய்ப்பும் கொடுத்து, சாதாரணப் பெரும்பான்மையில் நீக்கலாம். மற்றது, பிரிவு 164(2). கம்பெனி தொடர்ந்து மூன்று நிதியாண்டு கணக்கு தாக்கல் செய்யவில்லையா? டைரக்டருக்கு ஐந்து வருடம் தகுதி போச்சு. யாரும் ஓட்டுப் போட வேண்டாம், யாருக்கும் அவரைப் பிடிக்காமல் போக வேண்டாம். 2017-ல் மத்திய அரசு இந்தப் பிரிவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்களைத் தகுதிநீக்கம் செய்தது. முதல் வழி பிடிக்குமா பிடிக்காதா என்பது. இரண்டாவது, செய்தாயா செய்யவில்லையா என்பது. காலண்டரைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும், சாதி பார்க்க அதில் இடமே இல்லை.

ஊராட்சிக்கும் எனக்கு வேண்டியது அந்த இரண்டாவதுதான். இது ஒன்றும் வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலை, பானை, சீட்டு எடுக்கிற சிறுவன் என்று மேடையில் முழங்குகிறார்கள். சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் எனக்குப் பிடித்தது பானை இல்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடவே கூடாது என்கிற விதி. அவனை மட்டுமா? அவன் அப்பன், மகன், மாமனார், மருமகன், மைத்துனன், அத்தை மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்குப் பட்டியல் போட்டு அத்தனை பேரையும் விலக்குகிறது. இன்றைக்கு இதை அமல்படுத்தினால் பல ஊரில் நிற்க ஆளே கிடைக்காது. குற்றம் செய்த வாரியப் பெருமகனை உடனே நீக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அது நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களின் சபை, நம்மில் பெரும்பாலானோர் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. அதனால் ஆகா ஓகோ என்று புகழ மாட்டேன். கணக்கு விதியை மட்டும் உருவிக்கொள்கிறேன்.

இப்போதும் கிராமசபையில் வரவு செலவு வைக்கச் சொல்கிறார்கள், பிளக்ஸ் கூடக் கட்டுகிறார்கள். கட்டாவிட்டால் என்ன ஆகும்? 205-ஐத் திறந்து பாருங்கள், திரும்பவும் கலெக்டரின் திருப்திதான். நான் கேட்பது, இத்தனை தேதிக்குள் தணிக்கை முடிந்த கணக்கு கிராமசபைக்கு வரவில்லை என்றால் தலைவர் தகுதி இழக்க வேண்டும். அவரோடு சேர்ந்து செக்கில் கையெழுத்துப் போடும் துணைத் தலைவருக்கும் அதே விதி. இது முக்கியம். தலைவரைப் பிடிக்காத துணைத் தலைவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தே ஊராட்சியை முடக்கிய கதைகள் எல்லாப் பக்கமும் உண்டு. ஒருவர் வேண்டுமென்றே இழுத்து இன்னொருவரைக் காலி செய்ய முடியாதபடி, யார் மேசையில் எத்தனை நாள் தாள் கிடந்தது என்று பதிவும் இருக்க வேண்டும்.

இதெல்லாம் தலைவர் என்று ஒருவர் இருந்தால்தானே. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து மூன்று வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் ஊராட்சியை நடத்தினார்கள். 2025 ஜனவரியில் திரும்பவும் தனி அலுவலர்கள். அந்த வருடங்களின் கணக்குக்கு யாரைத் தகுதிநீக்கம் செய்வது என்று கேட்டேன். நண்பனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, அடுத்த கிராமசபைக்கு அவன் ஊருக்கு வரச் சொன்னான். எனக்கு அங்கே ஓட்டு இல்லை, ஓரமாக நின்று பிளக்ஸைப் படித்துவிட்டு வருகிறேன் என்றேன். "படிக்கிற சைஸ்ல எழுதியிருந்தா படி" என்று சொல்லிவிட்டு மினி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான்.