நங்கூரம் போடுமுன் கதவைத் தட்டுங்கள்

போன வாரம் ஹாஸ்டல் அறையில் ஒரு சண்டை. கிரிக்கெட்டும் இல்லை, சினிமாவும் இல்லை. லாப்ரடோருக்காகச் சண்டை போட்டோம் என்றால் நம்புவீர்களா?

சீமான்ஷிப் வகுப்பில் நங்கூரம் போடும் பாடம் நடந்ததிலிருந்து எனக்கு ஒரு கிறுக்கு பிடித்துவிட்டது. சொந்தப் படகில் தொலைதூரக் கடற்கரைகளுக்குப் போனவர்கள் எழுதிய பயணக் குறிப்புகளை ராத்திரி ராத்திரியாகப் படிக்கிறேன். அதில் என்னை ரொம்பவே இழுத்தது கனடாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் லாப்ரடோர் கரை. படிக்கும் குறிப்புகளில் பாதிக்கு மேல் ஒரே பல்லவி: "இங்கே யாருமே இல்லை, நாங்கள் மட்டும்தான்." இதை வாய்விட்டுப் படித்துக்காட்டி நான் பெருமூச்சு விட, என் அறைத்தோழன் எரிந்து விழுந்தான். "இதெல்லாம் காசு கொழுத்தவன் விளையாட்டுடா. அங்க மாட்டிக்கிட்டா காப்பாத்தப் போறது யாரு? மொத்தமா தடை பண்ணணும்."

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன். தடை வேண்டும் என்பது தவறு. ஆனால் "யாருமே இல்லை" என்பது அதைவிடப் பெரிய தவறு.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். லாப்ரடோர் கரையில் வடகோடியில் இருக்கும் நிரந்தர ஊர் நைன். சுமார் ஆயிரம் பேர் இருக்கும் ஊர், பெரும்பாலும் இனுயிட் மக்கள். வெளியூரிலிருந்து இங்கே வரச் சாலை கிடையாது. கோடையில் கப்பல், மற்ற நேரத்தில் சின்ன விமானம், பனிக்காலத்தில் ஸ்கிடூ. நைனைத் தாண்டி வடக்கே சிட்லி முனை வரை 400 கிலோமீட்டருக்கு மேல் கரை நீள்கிறது. அந்த நீளத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊர் ஒன்றுகூட இல்லை. டோர்ங்காட் மலைகள் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கின்றன; உச்சி 1,652 மீட்டர். மலைகளுக்கு நடுவே சாக்லெக், நாக்வாக் மாதிரி நீளமான கடற்கழிகள். ஃபியோர்டு என்பார்கள்.

படிக்கும்போது சொர்க்கம்தான். நங்கூரம் போடப் போனால்தான் விஷயம் புரியும்.

வகுப்பில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடிப்பதில்லை. சங்கிலி தரையோடு தரையாகக் கிடந்து, இழுப்பு பக்கவாட்டில் வந்தால்தான் அது மண்ணைக் கவ்வும். அதற்குத்தான் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, காற்றடித்தால் ஏழு மடங்கு சங்கிலி விடச் சொல்கிறார்கள். இப்போது ஃபியோர்டுக்கு வாருங்கள். கரையிலிருந்து ஒரு படகு நீளம் தள்ளினாலே 30 மீட்டர் ஆழம் இருக்கலாம். ஐந்து மடங்கு என்றால் 150 மீட்டர் சங்கிலி! சின்னப் படகில் அவ்வளவு ஏற்றினால் மூக்கு அமிழ்ந்துவிடும். ஆகவே ஃபியோர்டின் கோடியில் ஆறு வந்து சேரும் இடத்தைத் தேட வேண்டும். ஆறு கொண்டுவந்த மணலும் சேறும் அங்கே ஒரு திட்டாகப் படிந்திருக்கும். அந்தத் திட்டும் சட்டென்று முடிந்து பாதாளமாகிவிடும். திட்டின் ஓரத்தில் போட்ட நங்கூரம் வழுக்கினால் அப்புறம் பிடிக்க ஒன்றும் இல்லை.

சில இடங்களில் அடியில் கெல்ப் என்கிற பெரிய கடற்பாசி காடாக வளர்ந்திருக்கும். நங்கூரம் பாசியைக் கவ்விக்கொண்டு, பிடித்துவிட்டது போல நடிக்கும். நடுராத்திரி மலைமேலிருந்து குளிர்ந்த காற்று சரிந்து இறங்கும்போதுதான் அது பாசி என்று தெரியும். இது போதாதென்று மிதந்து வரும் பனிப்பாறைகள், மூடுபனி.

சார்ட் இருக்கிறதே என்பீர்கள். நைனுக்கு வடக்கே சார்ட்டில் பல இடங்கள் வெறும் வெள்ளைத் தாள். எப்போதோ ஒரு கப்பல் அளந்துகொண்டே போன ஒற்றை வரிசை எண்கள். இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. பழைய சார்ட்டுகளில் கரையே கொஞ்சம் தள்ளி வரையப்பட்டிருப்பதும் உண்டு. ஜிபிஎஸ் உங்கள் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லும், திரையில் பார்த்தால் படகு மலைமேல் ஏறி நிற்கும் :-) ஜிபிஎஸ் பொய் சொல்லவில்லை, சார்ட்தான் பழையது.

அப்படியானால் இத்தனை படகுகள் எப்படித்தான் போய்வருகின்றன? இங்கேதான் "யாருமே இல்லை" பொய்யாகிறது. எந்த வளைவில் பாறை, எந்தக் காற்றுக்கு எந்த ஒதுக்கிடம், எங்கே குடிதண்ணீர் என்பதை முதலில் கண்டுவைத்தவர்கள் இனுயிட் மக்களும் அவர்களுக்கும் முன்பு அங்கே வாழ்ந்தவர்களும். ராமா விரிகுடாவில் கிடைக்கும் ஒருவகைக் கல்லில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆயுதம் செய்திருக்கிறார்கள். அந்தக் கல் தெற்கே இன்றைய அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் வரை கைமாறிப் போயிருக்கிறது. பிறகு 19ஆம் நூற்றாண்டில் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் கோடைதோறும் பாய்க்கப்பல்களில் காட் மீனுக்கு வடக்கே வந்து, கப்பலிலேயே குடியிருந்து பிடித்தார்கள். இன்றைய உல்லாசப் படகுக்காரர் "நான் கண்டுபிடித்த அழகான ஒதுக்கிடம்" என்று எழுதுகிற இடம், நூறு பேர் நங்கூரம் போட்டு எழுந்துபோன இடமாகத்தான் இருக்கும்.

சரி, அந்த மனிதர்கள் எங்கே? கரை ஏன் காலியாக இருக்கிறது?

இதைத் தேடிப் படித்தபிறகு எனக்குப் பயணக் குறிப்புகளின் மேல் இருந்த மயக்கம் கொஞ்சம் தெளிந்தது. மொரேவியன் சபைப் பாதிரிமார்கள் 1771ல் நைனிலும் 1776ல் ஓகாக்கிலும் 1830ல் ஹெப்ரானிலும் நிலையம் அமைத்தார்கள். (இதே சபையார் 1760ல் நம்ம தரங்கம்பாடிக்கும் வந்தவர்கள்தான்.) வருடாவருடம் சபையின் 'ஹார்மனி' கப்பல் சரக்கோடு வரும். 1918 இலையுதிர் காலத்தில் அந்தக் கப்பல் சரக்கோடு சேர்த்து ஸ்பானிஷ் ஃப்ளூவையும் கொண்டுவந்தது. ஓகாக்கில் இருந்த சுமார் 260 பேரில் 200 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் வீடுகளை எரித்துவிட்டு ஊரைவிட்டே போனார்கள். ஒரு கப்பல் வந்து நங்கூரம் போட்டதில் ஓர் ஊர் இல்லாமல் போனது.

ஹெப்ரான் கதை வேறு. அங்கும் ஃப்ளூ கொன்று குவித்தது, ஆனாலும் ஊர் மீண்டது. 1959ல் அதை மூடப் போவதாக அறிவித்தார்கள். அறிவித்த இடம் தேவாலயம். தேவாலயத்துக்குள் எதிர்த்துப் பேசுவது அந்த மக்களின் வழக்கத்தில் இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெற்கே நைன், ஹோப்டேல், மக்கோவிக் என்று சிதறடிக்கப்பட்டன. போன இடத்தில் வேட்டைக்குப் பழகிய நிலமும் இல்லை, பழகிய கடலும் இல்லை. 2005ல்தான் மாகாண அரசு இதற்கு மன்னிப்புக் கேட்டது.

ஆக, பயணக் குறிப்புகளில் வரும் அந்த அமைதி இயற்கை தந்தது மட்டும் இல்லை. ஒரு பகுதி நோய் தந்தது, ஒரு பகுதி அரசு தந்தது. பூட்டிய வீட்டைப் பார்த்து "ஆஹா, என்ன நிசப்தம்" என்று ரசிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வீட்டுக்காரர்களும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. 2005 டிசம்பர் 1 முதல் நுனாட்சியாவுட் என்ற பெயரில் லாப்ரடோர் இனுயிட் மக்களுக்குத் தன்னாட்சி வந்துவிட்டது. அவர்கள் போட்ட ஒப்பந்தத்தின் எல்லைக்குள் நிலம் மட்டுமல்ல, கடலும் இருக்கிறது. சுமார் 48,690 சதுர கிலோமீட்டர். வடக்கே 9,700 சதுர கிலோமீட்டர் பரப்பில் டோர்ங்காட் மலைகள் தேசியப் பூங்கா. கோடையில் குடும்பங்கள் பழைய மீன்பிடி முகாம்களுக்குத் திரும்புகின்றன. ஹெப்ரானின் பழைய தேவாலயக் கட்டடத்தை நைனிலிருந்து வந்து பழுது பார்த்திருக்கிறார்கள்.

இப்போது என் அறைத்தோழனின் கேள்வி: மாட்டிக்கொண்டால் யார் வருவார்? பெரிய மீட்பு ஹெலிகாப்டர் நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டர் தளத்திலிருந்து வர வேண்டும். சாக்லெக்குக்கு அங்கிருந்து 1,000 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் எரிபொருள் நிரப்ப வேண்டும், மூடுபனியும் விலக வேண்டும். 2013 ஜூலையில் நாக்வாக் ஃபியோர்டில் கூடாரம் போட்டிருந்த ஒரு பயணியை, சுற்றிலும் மின்வேலி இருந்தும், பனிக்கரடி கவ்வி இழுத்துப் போனது. தோழர்கள் விரட்டியதால் உயிர் தப்பினார். ஹெலிகாப்டர் அவரை முதலில் கொண்டுபோன இடம் சாக்லெக்கில் இனுயிட் மக்கள் வேலை செய்யும் முகாம். அந்த முகாம் இல்லையென்றால்? பூங்காவுக்குள் சாதாரணப் பயணி துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் பயிற்சி பெற்ற இனுயிட் கரடிக் காவலர்களைக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

கடலில் முதலில் கை கொடுப்பவன் பக்கத்து ஊர்க்காரன்தான். இது நமக்கும் தெரிந்த கதை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்தின் தெற்குக் கரைக்கு அப்பால் மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்கள் தத்தளித்தபோது, முதலில் கண்டு கை கொடுத்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள். லாப்ரடோர் அதே மாகாணத்தின் வடபாதி.

அப்படியானால் தடைதானே சரி என்பான் நண்பன். இல்லை. மூன்று நான்கு பேர் வரும் சின்னப் படகு, நூற்றுக்கணக்கான ஆட்களை ஒரே நேரத்தில் இறக்கும் சொகுசுக் கப்பலைவிடக் கரைக்குக் குறைந்த சுமை. தவிர, கடலில் போகும் உரிமையை ஒருமுறை பறித்தால் அது பணக்காரனிடம் நிற்காது. எந்தக் கடற்கரை மீனவனைக் கேட்டாலும் சொல்வான். 2020 கோடையில் கொரோனா காரணமாக கனடா அரசு லாப்ரடோர் வடகரைக்கும் ஆர்க்டிக் கடலுக்கும் வெளி உல்லாசப் படகுகளைத் தடை செய்தது. உள்ளூர் மக்களுக்கு விலக்கு இருந்தது. 1918ஐ அறிந்த யாரும் அதைத் தவறு என்று சொல்ல மாட்டார்கள். ஆபத்து நாளுக்கு அது சரி. எல்லா நாளுக்கும் ஆகாது.

நான் கேட்பது தடையைவிடச் சின்னது. நைனுக்கு வடக்கே போகிற ஒவ்வொரு தனியார் படகும் நைனில் நின்று, யார், எத்தனை பேர், எங்கே, எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போவதைக் கட்டாயம் ஆக்க வேண்டும். பூங்காவுக்குள் போக ஏற்கனவே பதிவு உண்டு. அதைக் கரை முழுவதற்கும் நீட்டினால் போதும். கட்டணம் வைக்க வேண்டாம். வைத்தால் காசுள்ளவன் காசை வீசிவிட்டு, "கொடுத்துவிட்டேனே" என்று பேசாமல் போய்விடுவான். பேச வைப்பதுதான் நோக்கம். நின்றால் மூடுபனி பற்றியும் கரடி பற்றியும் பாறை பற்றியும் நாலு வார்த்தை காதில் விழும். சார்ட்டில் இல்லாதது அங்கே யாரோ ஒருவர் தலைக்குள் இருக்கும். எந்த விரிகுடாவில் எந்தக் குடும்பத்தின் முகாம், எங்கே கல்லறை, எதைத் தொடக்கூடாது என்பதும் தெரியவரும்.

"இது சுதந்திரத்தைக் கெடுக்கும்" என்று பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் சொல்லக்கூடும். அவர்களுக்கு ஒரு கேள்வி. துறைமுகத்துக்குள் நுழையுமுன் ரேடியோவில் கூப்பிட்டுச் சொல்கிறீர்களே, அது சுதந்திரத்தைக் கெடுக்கிறதா? அங்கே கிரேனும் கட்டடமும் இருக்கின்றன, அதனால் யாரோ சொந்தக்காரர் இருப்பது தெரிகிறது. லாப்ரடோரில் கட்டடம் இல்லை. சொந்தக்காரர் உண்டு.

அறைத்தோழனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சநேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, நீ எப்பவாவது போனா நைன்ல நிப்பியா?" என்றான். நிற்பேன்டா. அங்கே நிற்காமல் போகிற படகென்றால் எனக்கு ஏற வேண்டாம். என்ன, படகு வாங்கத்தான் இன்னும் காசு சேரவில்லை. இப்போதைக்கு மெஸ் பில் கட்டப் போகிறேன்.