கணக்கு மூடுவதற்கு முன்

அமெரிக்காவில் சட்டமன்ற உறுப்பினர்களை அவர்கள் போட்ட ஓட்டுகளை வைத்து எடை போடுவார்கள். அதிலும் கருக்கலைப்பு என்றால் இரு தரப்பும் பட்டியலும் கையுமாகத்தான் தேர்தலுக்கு வரும். எனக்கு அந்தப் பட்டியல்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. காரணம், ஜார்ஜ் மைக்கேல்ஸ்.

நியூயார்க் மாநிலத்தில் ஆபர்ன் என்ற ஊரின் வக்கீல் அவர். ஜனநாயகக் கட்சி, மதத்தால் யூதர். தொகுதியிலோ கத்தோலிக்கர்கள் அதிகம். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர கருக்கலைப்பு குற்றம் என்றிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டத்தை மாற்றி, 24 வாரம் வரை அனுமதிக்கும் மசோதா 1970-இல் அந்த மாநில மன்றத்துக்கு வந்தது. மைக்கேல்ஸுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. உள்ளூர்க் கட்சிக்காரர்களுக்கு ஆகவில்லை. எதிர்த்து ஓட்டுப் போட்டார்.

ஏப்ரல் 9, மறு ஓட்டெடுப்பு. 150 இடங்கள் கொண்ட மன்றத்தில் மசோதா நிறைவேற 76 ஓட்டு வேண்டும். பெயர் வாசித்து முடிந்தபோது 74-க்கு 74. முடிவை அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. மைக்கேல்ஸ் எழுந்தார். கை நடுங்கியது, கண் கலங்கியிருந்தது. முந்தைய எதிர்ப்பு ஓட்டுக்காகப் பெற்ற மகனே தன்னை விலைபோனவன் என்கிற பொருளில் வசைபாடியதையும், இன்னொரு மகன் ‘உங்கள் ஓட்டால் இது தோற்றுவிடக் கூடாது’ என்று கேட்டுக்கொண்டதையும் சபையிலேயே சொன்னார். இத்தோடு என் அரசியல் முடிந்தது என்று தெரிந்தேதான் செய்கிறேன் என்று கூறி, ஓட்டை மாற்றினார். 75. கடைசியில் சபாநாயகர் பெர்ரி டுரியா தன் ஓட்டைச் சேர்க்க, 76. இரண்டே நாளில் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் கையெழுத்திட்டார்.

மைக்கேல்ஸ் சொன்னபடியே ஆயிற்று. ஜூனில் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலிலேயே தோற்றார். லிபரல் கட்சி சார்பில் நின்று நவம்பரிலும் தோற்றார்.

இதைத் தியாகக் கதையாகவே சொல்லி வருகிறார்கள். தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு உறுத்துவது அந்தப் பழைய எதிர்ப்பு ஓட்டு. தன் ஒரு ஓட்டால் எதுவும் கவிழப்போவதில்லை என்கிற வரையில் மனசுக்கு விரோதமாக ஓட்டுப் போட அவரால் முடிந்திருக்கிறது. தொகுதிக்குத் தொகுதியும் ஆயிற்று, மசோதாவை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இப்படிக் கைக்காசு செலவில்லாத ஓட்டுகள் ஒவ்வொருவர் கணக்கிலும் எத்தனை இருக்கும்? பட்டியலில் எல்லாம் ஒரே எழுத்தில்தான் அச்சாகின்றன.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். இத்தகாவைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் குக், குடியரசுக் கட்சிக்காரர். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பெண் உறுப்பினர்களில் ஒருவர். எந்தெந்தக் காரணத்துக்குக் கலைக்கலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பழைய தடையையே எடுத்துவிட வேண்டும் என்று ஃபிரான்ஸ் லைக்டருடன் சேர்ந்து மசோதா கொண்டுவந்தவர். ஆள் ஆளாகப் பேசி ஓட்டுச் சேர்த்த அவருக்குக் கண்ணீர்க் காட்சி எதுவும் வாய்க்கவில்லை. பெயரும் அவ்வளவாக நினைவில் இல்லை.

1972-இல் இரு அவைகளும் சேர்ந்து அந்தச் சட்டத்தை ரத்துசெய்ய ஓட்டளித்தன. அப்போது மைக்கேல்ஸ் மன்றத்தில் இல்லை. ராக்ஃபெல்லர் தன் மறுப்பதிகாரத்தைப் பயன்படுத்தியதால்தான் சட்டம் பிழைத்தது.